நாலு வாசல்

அவர் எந்தக் கட்டிடத்தைச் செய்தாலும் அதற்கு நாலு வாசல் வைப்பார். கையகல வீடானாலும் சரி, முழ உயரக் கோபுரமானாலும் சரி, திசைக்கு ஒன்றாக நாலு. வெட்டி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சிப்பாயை எடுப்பார். கட்டைவிரல் உயரம் இருக்கும், இடது கை உடைந்துபோனது. அதை வீட்டின் நடுவில் நிறுத்தி, இரண்டு விரலால் பிடித்து, ஒவ்வொரு வாசல் வழியாகவும் வெளியே ஓடவைப்பார். எங்கேயாவது தலை இடித்தாலோ தோள் உரசினாலோ அந்த வாசலை இன்னும் கொஞ்சம் அகலமாக்குவார். நாலிலும் ஓடி வந்த பிறகுதான் "ஆச்சு" என்பார்.

எல்லாம் விளையாட்டுச் சாமான்கள். காக்கநாட்டுக் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் சனிக்கிழமைகளில் ஃபோர்ட் கொச்சியில் ஒரு காப்பிக் கடையின் மாடியில் கூடுவார்கள். பெரிய மேசையில் வேறொரு கிரகத்தைப் பரப்பி, அதில் சின்னச் சின்ன சிப்பாய்களை நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். சிப்பாய்கள் வெளிநாட்டிலிருந்து வருகிறவை. மலை, இடிந்த வீடு, எண்ணெய்த் தொட்டி, ராக்கெட் மேடை இதெல்லாமும் வெளிநாட்டில் விற்கிறார்கள்தான். ஆனால் வாங்கி மாளாது. அவற்றை இவர் குப்பையிலிருந்து செய்துகொடுத்தார்.

அவரை நான் முதலில் பார்த்தது மட்டாஞ்சேரியில், எங்கள் தெருமுனையில் இருக்கும் இக்காவின் சாயாக்கடையில். சாத்தூர்ப் பக்கத்து ஆள், ஐம்பதைத் தாண்டியவர். பழைய பேப்பர் கடையில் கட்டுப் போடும் வேலைக்கு வந்திருந்தார். சாயாவை ஆறவிட்டுவிட்டு, செய்தித்தாளைக் கிழித்து, ஒரு மூங்கில் குச்சியில் சுற்றி, தொடையில் வைத்து ஒரே உருட்டு உருட்டுவார். குச்சியை உருவினால் குழாய். இரும்புக் குழாய்போல விறைத்து நிற்கும். எதற்கு என்று கேட்டால், "கை சும்மா இருக்க மாட்டேங்குது" என்பார். பெஞ்சில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். இக்கா அவற்றை அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொள்வார்.

அந்தக் குழாய்களைக் காக்கநாட்டுப் பையன் ஒருவன், நிகில் என்று பெயர், ஒருநாள் கையில் எடுத்துப் பார்த்தான். அமுக்கினான், அமுங்கவில்லை. இதை வைத்து ஒரு கோபுரம் செய்து தரமுடியுமா என்று கேட்டுத் தன் போனை நீட்டிப் படம் காட்டினான். அவர் இரண்டடி பின்னால் போய், "தள்ளி வச்சுக் காட்டுங்க தம்பி" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

பசையை அவரே காய்ச்சுவார். மைதாவில் மயில்துத்தம் கலந்த பசை. எலியும் பூச்சியும் அண்டாது. அதனால் அவருடைய கோபுரங்களின் ஓரத்தில் லேசான பச்சைநீலம் தெரியும். அந்தக் கிரகத்துக் காற்று பட்டு ஏறிய களிம்பு என்று பிள்ளைகள் மெச்சிக்கொண்டார்கள். இக்கா வடிகட்டி எறியும் சாயாச் சக்கையைக் காயவைத்து ஒட்டினால் கருகிய மண். முட்டைத் தட்டைக் கவிழ்த்தால் மேடும் பள்ளமும். நான் சுக்குக் கிடங்கில் மூட்டை தைக்கிறவன். அங்கே கழித்துப்போடும் சுக்கை அவருக்குக் கொண்டுவந்து கொடுப்பேன். கோணலும் கிளையுமாக இருக்கும் அதைப் பழுப்புச் சாயத்தில் முக்கி நட்டுவைத்தால் மனுஷன் கால் படாத இடத்துப் பாறை. ஒருதடவை பசை சரியாக ஏறாமல், வண்டு துளைத்து, ஒரு மலைத்தொடர் முழுக்க மாவாக உதிர்ந்துவிட்டது. நிகில் வந்து முறையிட்டான்.

"உங்க கிரகத்துல சீவன் இருக்குன்னு எல்லாருக்கும் சொல்லுங்க" என்றார்.

அவர் சிரித்து நான் பார்த்தது கொஞ்சம்தான். அது அதில் ஒன்று.

எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதாலோ என்னவோ, நாலு பேர் இருக்கிற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவருக்கு அது பிடித்திருந்தது. "பேசிக்கிட்டே சுருட்டினா குழாய் தளந்துரும் தம்பி. நீ வந்து உக்காரு" என்பார். நான் பேப்பரைக் கிழித்துக் கொடுப்பேன். அவர் உருட்டுவார். அப்படியே பொழுது போய்விடும்.

அவருக்குத் தங்க இடம் நிலைக்கவில்லை. எங்கே படுத்தாலும் கதவைத் திறந்து போட்டுத்தான் படுப்பார். சாத்தினால் எழுந்து போய்த் திறப்பார். மழையாகட்டும், கொசுவாகட்டும், கூட இருப்பவர்கள் திட்டட்டும், திறப்பார். இரண்டு மூன்று இடங்களிலிருந்து அனுப்பிவிட்டார்கள். எங்கள் அறையில் நான், பரோட்டா மாஸ்டர் செல்வம், அவனோடு ஓட்டலில் வேலை பார்க்கும் இரண்டு பேர் என்று நாலு பேர் இருந்தோம். நான் செல்வத்திடம் போய் இவருக்காகக் கேட்டேன். செல்வம் தென்காசிக்காரன், என்னைவிட ரொம்ப இளையவன், வாய் ஓயாதவன். "நீரு வாயத் தொறந்து கேட்டதே இன்னைக்குத்தான். அதுக்காகவே வரட்டும்" என்றான்.

அறை மாடியில் இருந்தது. ஒரே மரப்படி. ஏறுவதற்கு முன்னால் கீழே இருக்கிற இரும்புத் தண்ணீர்க் குழாயை இரண்டு உள்ளங்கையாலும் தொட்டுவிட்டுத்தான் ஏறுவார். தினமும், ஒவ்வொரு தடவையும். சாமி கும்பிடுகிறார் என்று செல்வம் நினைத்து ஒருநாள் அந்தக் குழாய்க்கு ஒரு முழம் மல்லிகைப்பூச் சுற்றிவைத்தான். அவர் பூவை ஒதுக்கிவிட்டுக் குழாயைத் தொட்டு மேலே வந்தார்.

வந்த அன்றே அறையில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தார். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றார். அது எந்த ஊர்ச் சட்டம் என்று செல்வம் கேட்டான். பாயை எடுத்துப்போய் வாசலில் குறுக்கே விரித்தார். இடுப்புக்கு மேலே அறையில், கீழே படிக்கட்டுத் தலைப்பில்.

"நான் உள்ளயும் இல்ல, வெளியயும் இல்ல. இப்ப நாலுதான்."

கதவைச் சாத்த வழியில்லாமல் போயிற்று.

"அண்ணாச்சி கணக்குல அண்ணாச்சியே ஒரு ஆளு கிடையாது" என்று செல்வம் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான். ஆனால் ராத்திரி கடை சாத்தியதும் அவருக்கென்று இரண்டு பரோட்டாவும் சால்னாவும் கட்டிக்கொண்டு வருவான். அவர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவர் செய்த வீடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். "நாலு பக்கமும் தொறந்து வச்சா திங்கிறவன் துட்டுக் குடுக்காம ஓடிருவானே அண்ணாச்சி. கல்லாவ எங்க போடுறது?"

"ஓடணும்னுதான் வைக்கிறது" என்பார் அவர்.

இரும்புக் கத்தி தொடமாட்டார். மூங்கில் பத்தையைத் தீட்டி வைத்திருந்தார், ஒரு பித்தளைத் தகடும் உண்டு. நான் இடுப்பில் செருகியிருக்கும் கோணி ஊசியை வெளியே வைத்துவிட்டுத்தான் அவர் பக்கத்தில் உட்காரவேண்டும். ஒருநாள் நிகில் சீக்கிரம் வேலை முடியட்டும் என்று டப்பாவில் அடைத்த பீச்சுச் சாயம் வாங்கி வந்தான். அவரைக் கேட்காமல் தெர்மோகோல் வீடு ஒன்றின் மேல் பீச்சினான். உஸ்ஸென்று ஒரு சத்தம். சாயம் பட்ட இடமெல்லாம் தெர்மோகோல் குழிந்து உருகியது. அது எங்களுக்கெல்லாம் வேடிக்கையாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவர் இல்லை. செருப்புக்கூடப் போடாமல் போயிருந்தார். நான் தேடிப்போனபோது படகுத்துறையில் தண்ணீரைப் பார்த்து நின்றார். என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் நின்றேன். "அந்தச் சத்தம் மட்டும் ஆகாது தம்பி" என்றார்.

பிறகு ஒரு மழை நாளில், நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது, நானே கேட்டேன், ஏன் நாலு வாசல் என்று.

அவர் ஊரில் பட்டாசு ஆலையை வெடி ஆபீஸ் என்பார்கள். அவருக்கும் அவர் பெண்சாதிக்கும் ஒரே ஆபீஸில் வேலை. அங்கே ஒவ்வொரு அறைக்கும் நாலு வாசல் இருக்கவேண்டும், நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, உள்ளே நுழையுமுன் உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்கத் தகட்டைத் தொடவேண்டும், இரும்பும் செல்போனும் ஆகாது. இதையெல்லாம் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார். பிறகு குரல் மாறியது.

"தீவாளிக்கு முந்தின நெருக்கடி. மழை பொடுபொடுன்னு வருது. வெளிய வச்ச பெட்டியெல்லாம் நனையுதேன்னு கெழக்கு வாசல்ல அடுக்கினேன். யாரும் சொல்லல, நானாத்தான் அடுக்கினேன். வண்டி வந்ததும் எடுத்துருவோம், சித்த நேரந்தானன்னு. வண்டியக் கூப்பிடப் போனேன்."

பேப்பர் குழாயை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"உஸ்ஸுன்னு மருந்து பத்திக்கிச்சு. உள்ள இருந்த மத்த மூணு பேரும் அவுகவுக பக்கத்து வாசல்ல ஓடி வந்துட்டாக. இவளும் அவ பக்கத்து வாசலுக்குத்தான் ஓடினா. எங்க அடச்சிருக்கு, எங்க தொறந்திருக்குன்னு அந்நேரம் யாரு பாப்பா? பக்கத்துல எது இருக்கோ அதுக்குத்தான் ஓடுவாக."

செய்து முடித்திருந்த எண்ணெய்த் தொட்டி ஒன்றை எடுத்து, சிப்பாயை மறுபடி நாலு பக்கமும் ஓடவிட்டுப் பார்த்தார். அதை முந்தின நாளே ஓடவிட்டுப் பார்த்திருந்தார்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லச் சொல்லி அவர் கேட்கவும் இல்லை.

மழைக்காலம் பிடித்துக்கொண்டபோது இரண்டு காரியம் சேர்ந்து வந்தது. ஒருநாள் காலையில் அறையில் வேறு யாரும் இல்லாமல், அவரும் குளிக்கக் கீழே போன நேரத்தில் யாரோ ஏறி வந்து செல்வத்தின் போனை எடுத்துப் போய்விட்டார்கள். அவன் தவணையில் வாங்கிய போன். செல்வம் அன்று அவரிடம் பேசிய பேச்சை இங்கே எழுத வேண்டாம். கட்டிடச் சொந்தக்காரர் வந்து, இனிமேல் கதவு சாத்தாவிட்டால் அந்த ஆள் இங்கே இருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்த இடமும் போனால் அவருக்கு வேறு இடம் இல்லை. அவருடைய கதவுப் பழக்கம் மட்டாஞ்சேரியில் எல்லாருக்கும் தெரிந்துபோயிருந்தது. செல்வம் கதவின் வெளிப்பக்கம் ஒரு கொக்கி அடித்துப் பூட்டு வாங்கினான். எல்லாரும் வெளியே போகும்போது பூட்டலாம், நாம் உள்ளே இருக்கும்போது அவர் பழையபடி வாசலில் படுக்கட்டும் என்று நான் நடுவில் நின்று பேசி முடித்தேன். ஆளுக்கொரு சாவி. அவர் தன்னுடையதை வாங்கிக்கொள்ளவில்லை.

இன்னொன்று நிகில் கேட்டது. ஒரு கோட்டை வேண்டும், அதற்கு ஒரே வாசல்தான் இருக்கவேண்டும் என்றான். எல்லாப் பக்கமும் வழி இருந்தால் சண்டை நாலாகப் பிரிந்துவிடுகிறதாம். "ஒரு வாதில் மதி சேட்டா. அப்பத்தான் அவிடத்துல வச்சு அடி நடக்கும்" என்று மன்றாடினான். முடியாது என்றார். அடுத்த வாரமும் வந்து கேட்டான். அவன் நல்ல பையன், அவர்மேல் பிரியம் உள்ளவன். அவர் நெடுநேரம் யோசித்து, சரி, ஒரு வழி பார்க்கிறேன் என்றார். அவர் எப்படி அதற்கு ஒப்புக்கொண்டார் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் தேவராவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நடந்ததைச் செல்வம் பிறகு சொன்னான்.

மத்தியானம் நல்ல மழை. காற்றடித்துப் படிக்கட்டுத் தலைப்பெல்லாம் சாரல். கோட்டை நனைந்துவிடும் என்று அவர் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, சன்னல் பக்கம் சுவரோரமாக உட்கார்ந்தார். செல்வமும் மற்ற இரண்டு பேரும் சாயா குடிக்கக் கிளம்பினார்கள். வாசலைத் தாண்டியதும் செல்வத்துக்கு விளையாட்டுப் புத்தி. கதவை இழுத்துச் சாத்திக் கொக்கியை மாட்டினான். "அண்ணாச்சி, ஒரு சாயா குடிக்கிற நேரந்தான். பழகிக்கிடும்" என்று வெளியே நின்று சொன்னான். உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை. சத்தம் வந்திருந்தால் அப்போதே திறந்திருப்பேன் என்று செல்வம் சத்தியம் செய்தான். அவன் திறந்திருப்பான்தான்.

திரும்பி வந்து திறந்தபோது அறையில் யாரும் இல்லை. சன்னல் திறந்து கிடந்தது. அது கம்பி இல்லாத பழைய மரச் சன்னல். அதன் கீழே எங்கள் சுக்குக் கிடங்கின் ஓட்டுக்கூரை. முகடு வரைக்கும் ஓடுகள் ஒழுங்காகத்தான் இருந்தன. அந்த வழியாக இறங்கி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டார் என்று நினைத்தார்கள்.

நான் சாயங்காலம் வந்ததும் எல்லாரும் தேடிப் போனோம். இக்கா கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்தார். எங்கே தேடுவது என்று பேச்சு வந்தபோது இக்காதான் சொன்னார், "அடச்ச ஸ்தலத்து அவன் இரிக்கில்லா. தொறந்த ஸ்தலம் நோக்கு" என்று. அது சரி என்று எங்கள் எல்லாருக்கும் பட்டது. அவரைத் தெரிந்த யாருக்கும் அப்படித்தான் படும். படகுத்துறையில் பார்த்தோம். கடற்கரைக்குப் போய்ப் பார்த்தோம். மைதானத்தில், பஸ் நிறுத்தத்தில், சுவர் இல்லாத ஒவ்வொரு இடத்திலும் பார்த்தோம். நிகிலுக்குப் போன் செய்தோம். அவன் பைக்கில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். இருட்டும்வரை தேடிவிட்டு, காலையில் வந்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டோம்.

திங்கட்கிழமை காலையில் கிடங்கைத் திறக்கச் சாவிக்காரரோடு நான் போனேன். பூட்டை எடுத்துக் கதவைத் தள்ளினால் போகவில்லை. உள்ளே எதுவோ தடுத்தது. மூட்டை சரிந்திருக்கும் என்றார் சாவிக்காரர். இரண்டு பேரும் தோள் கொடுத்துத் தள்ளினோம்.

கதவை ஒட்டித்தான் கிடந்தார். கூரையின் மறுபக்கச் சரிவில் ஓடு உடைந்து, அந்த ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் மூட்டைகளின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. விழுந்த இடத்திலிருந்து கதவு வரைக்கும் சுக்குத் தூசியில் ஒரு தடம். அந்தக் கிடங்குக்கு ஒரே கதவு.

நான் அவர் முகத்திலிருந்த தூசியைத் துண்டால் துடைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கூரையில் ஏறியவர் தவறி விழுந்து இறந்தார் என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். செல்வம் தானாகவே போய்க் கொக்கியைப் பற்றிச் சொன்னான். விளையாட்டுக்குச் செய்ததுதானே, பூட்டவில்லையே என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு அவன் பேசியதை நான் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. அவன் இடத்தில் வேறொருவன் வந்திருக்கிறான். இப்போது நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டுதான் படுக்கிறோம்.

ஊரிலிருந்து அவருடைய மச்சான் வந்தார், அவர் பெண்சாதியின் அண்ணன். பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது என்றார். ஆஸ்பத்திரியில் கொடுத்த துணிமணியை வாங்கிப் பார்த்துவிட்டு, சட்டைப் பையில் இருந்ததை உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார். "இது எந்தப் பிள்ளையோட சாமான்?" நான் வாங்கிக்கொண்டேன். கடைசியாக என்ன வேலை பார்த்தார் என்று கேட்டார்.

"வீடு கட்டினாரு" என்றேன்.

"இங்கயா? யாருக்கு?"

தலையை ஆட்டிவைத்தேன்.

கோட்டை அறையிலேயே இருந்தது. அடுத்த சனிக்கிழமை அதை ஒரு அட்டைப் பெட்டியில் வைத்து ஃபோர்ட் கொச்சிக்கு எடுத்துப்போனேன். அந்தக் காப்பிக் கடைக்குள் நான் அதுவரை போனதில்லை. மாடியில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பெட்டியை நிகிலிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் போனேன். அவன் என் கையைப் பிடித்து மேசைக்கு அழைத்துப் போனான்.

மேசை முழுக்க அவருடைய ஊர். குழாய்க் கோபுரங்கள், சுக்கு மலை, சாயாச் சக்கை மண். அறையில் ஒவ்வொன்றாகத்தான் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒன்றாக நின்று இப்போதுதான் பார்க்கிறேன். சுற்றிலும் சிப்பாய்கள். நிகில் கோட்டையை எடுத்து நடுவில் வைத்து, குனிந்து சுற்றிப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"கண்டோ? ஒரு வாதில். நம்ம சொன்ன போல செய்து தந்து" என்று மற்றவர்களிடம் சொன்னான்.

நானும் அப்போதுதான் குனிந்து பார்த்தேன். ஒரு வாசல்தான் திறந்திருந்தது. மற்ற மூன்று பக்கமும் சுவர் இல்லை. வாசல்கள்தான் இருந்தன. அவற்றுக்குள் சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகள் நெருக்கமாக அடுக்கியிருந்தன. சுண்டுவிரல் நகம் அளவு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் மூடியின் கோடு, கயிற்றின் கோடு. அவர் ஒட்டாமல் எதையும் விடமாட்டார். சாயாச் சக்கையில் ஒரு துணுக்குக்கூட உதிராது. நான் ஒரு பெட்டியை விரலால் தொட்டேன். அது கையோடு வந்துவிட்டது. பசையே இல்லை.

கிழக்கு எது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் மூன்று பக்கத்துப் பெட்டிகளையும் எடுத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து இடது கையில் சேர்த்துக்கொண்டேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் "சேட்டா, அது அவிட இருந்நோட்டே" என்று, எடுக்க வேண்டாம் என்பதுபோலக் கை காட்டினார்.

"இது வர்ற வழியில உடையாம இருக்க வச்சது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. "வாசல் நாலுதான்."

நிகில் என்னைப் பார்த்தான். பிறகு தன் சிப்பாய்களைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி எனக்கு இடம்விட்டான்.

நான் சட்டைப் பையிலிருந்து கை உடைந்த சிப்பாயை எடுத்தேன். கோட்டையின் நடுவில் நிறுத்தி, அவர் செய்கிறபடி இரண்டு விரலால் பிடித்து, ஒரு வாசல் வழியாக வெளியே ஓடவைத்தேன். தலை இடிக்கவில்லை. மறுபடி உள்ளே வைத்து அடுத்த வாசல். தோள் உரசவில்லை. மூன்றாவதிலும் ஓடி வந்தது. நாலாவதில் அது என் விரலிலிருந்து நழுவிச் சாய்ந்துவிட்டது. எடுத்து நிமிர்த்தி, மறுபடி நடுவில் வைத்து, முதலிலிருந்து ஓடவைத்தேன்.